மேலே ஏறுகிற வலி

காலை ஐந்தரைக்கு நாகேஷ் எழுந்து மோட்டார் போடுவான். மாடித் தொட்டி நிரம்பி வழிகிற சத்தம் கேட்பதற்குள் பாலைக் காய்ச்சி இரண்டு டம்ளர் காப்பி கலந்துவிடுவான். ஒன்றைத் தட்டால் மூடிவைத்துவிட்டு மற்றதோடு மொட்டைமாடிக்குப் போவான். கீழே கூடத்தில் படுத்திருக்கும் மாமியார் எழுந்து குளியலறைக்குப் போய்த் திரும்பப் பதினைந்து நிமிடம் ஆகும். முதல் பாதி தூரம் அவள் தவழ்வாள், மீதியைச் சுவரைப் பிடித்துக்கொண்டு கடப்பாள். மருமகன் கண்ணெதிரே அவள் தவழமாட்டாள். இதை இருவரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. முதல் நாள் அவன் டம்ளரோடு மேலே போனான், அதுவே வழக்கமாகிவிட்டது.

மாடியிலிருந்து பார்த்தால் ஜீவனஹள்ளியின் தகரக் கூரைகளும் தொட்டிகளும் அவற்றுக்கு நடுவே துணிக்கொடிகளும் தெரியும். அவன் எதையும் குறிப்பாகப் பார்ப்பதில்லை. கீழே எவர்சில்வர் டம்ளர் தரையில் உரசும் சத்தம் வந்தால் இறங்கலாம் என்று அர்த்தம்.

அவன் மனைவி வீணா இறந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. வீடு வீணாவின் அம்மா முத்தம்மாவுடையது. பெண்ணே போன பிறகு மருமகன் எதற்கு இங்கே இருக்கிறான் என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து உலை வைப்பது மட்டும் நிற்கவில்லை.

முத்தம்மாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. பக்கத்துத் தெருவில் ஒரு மிலிட்டரி ஓட்டலில் பத்தொன்பது வருடமாகக் களி கிண்டுகிறாள். ஆட்டுக்கால் சாறும் தலைக்கறியும் போடுகிற ஓட்டல் அது. கூட்டம் கறிக்கு வருவதாக முதலாளி நினைப்பார், களிக்கு வருவதாக முத்தம்மா நினைப்பாள். ஒரு நாளைக்கு ஐந்து பானை. கொதிக்கிற தண்ணீரில் ராகி மாவைக் கொட்டி, பானை நகராதபடி ஒரு கவைக்கட்டையைக் குறுக்கே கொடுத்து, அதன் இரண்டு முனைகளையும் காலால் மிதித்துக்கொண்டு, குனிந்து துடுப்பால் கிண்ட வேண்டும். கை மட்டும் கிண்டினால் களி கட்டிதட்டும். இடுப்பும் சேர்ந்து திரும்ப வேண்டும்.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்றாவது பானையில், இடது பிட்டத்திலிருந்து கால் சுண்டுவிரல்வரை ஏதோ சுளீரென்று இறங்கியது. பானையைப் பாதியில் விட்டவள் அல்ல. அதையும் முடித்து, உருண்டை பிடித்துக் கொடுத்துவிட்டுத்தான் சரிந்தாள்.

எண்ணெய் தேய்த்தார்கள். வெந்நீர்ப் பை வைத்தார்கள். ஊசி போட்டார்கள். கடைசியில் முதுகை ஸ்கேன் எடுத்த டாக்டர், முதுகெலும்புத் தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது, சயாட்டிகா, பிசியோதெரபி செய்துபாருங்கள், கேட்கவில்லையென்றால் ஆபரேஷன் பற்றி யோசிக்கலாம் என்றார். எல்லாவற்றையும் நாகேஷ் கேட்டுக்கொண்டான். முத்தம்மா காதில் விழுந்தது ஆபரேஷன் ஒன்றுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஓட்டல் முதலாளியின் மகன் கிரண் தூக்குப்பாத்திரத்தோடு வந்தான். இப்போது கடையைப் பார்த்துக்கொள்வது அவன்தான். களி உருண்டையை அவன் முத்தெ என்பான்.

"முத்தம்மக்கா, ஒரு மிஷின் வாங்கிப் போட்டேன். நேத்து ஒரு போலீஸ்காரரு முத்தெய எடுத்து தட்டுல தட்டிப் பாத்தாரு. ஏன்ப்பா, பேட்டு எங்கன்னு கேட்டாரு."

முத்தம்மா குப்புறப் படுத்தபடியே சிரித்தாள். சிரிப்பு காலில் இறங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"மாவ மொத்தமா கொட்டறீங்களா?"

"பின்ன எப்படி?"

"நடுவுல குமிச்சு, ஓரத்துல தண்ணி பொங்கி வர வுடணும். மிஷின் மேல ஏன் பழிய போடறே."

"அதுக்குத்தான் நீ வேணும். ஆயுத பூஜ வரைக்கும் பாக்கறேன் அக்கா. அதுக்குள்ள எழுந்துடு. இல்லாட்டி மாகடிலருந்து ஒருத்தி வரேன்றா. எனக்கும் கடைய ஓட்டணும், இல்லியா?"

"கூட்டினு வா," என்றாள் முத்தம்மா. "அவ இடுப்பும் எத்தன நாளு வரும்னு பாக்கலாம்."

கிரண் போன பிறகு அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெகுநேரம் கழித்து, "மாப்ளே, அந்த நரம்பு டாக்டருகிட்ட நாளைக்கே போலாம்," என்றாள்.

பிசியோதெரபிஸ்ட் ஆஞ்சலாவின் கிளினிக் காக்ஸ் டவுனில் ஒரு பேக்கரிக்கு மேலே இருந்தது. படிக்கட்டு முழுக்க வெண்ணெய் பிஸ்கட் வாசனை. ஆஞ்சலா விவேக் நகர்க்காரி, முப்பத்தைந்து வயது இருக்கும். சத்தமாகப் பேசுவாள். பச்சைத் திரைக்குப் பின்னால் ஒரு கட்டில். நாகேஷ் திரைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"வலி எங்க ஆன்ட்டி?"

"கால்ல."

"முதுகுல?"

"முதுகுல ஒண்ணும் இல்ல மேடம். கால்தான். இவரு இன்னாத்துக்கோ முதுக போட்டோ புடிச்சு வச்சிருக்காரு."

"காலத் தூக்கறேன், தாங்கல்லன்னா சொல்லுங்க."

முத்தம்மா சொல்லவில்லை. கத்தினாள்.

"முப்பது டிகிரிதான் வருது. சரி. ஒண்ணுக்கு போறதுல கஷ்டம் இருக்குதா? அடக்க முடியலயா? அந்த எடம் மரத்துப் போன மாதிரி?"

"மேடம், வெளிய மாப்ள குந்தினிருக்காரு."

"அவரு காத மூடிப்பாரு. சொல்லுங்க. அது இருந்தா நான் உங்கள இங்க வச்சிருக்கக் கூடாது, இன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்."

"அதெல்லாம் இல்ல," என்றாள் முத்தம்மா, பாதிக் குரலில்.

"நல்லது. உங்க வீட்டு கேட்ல பெல் இருக்குதா?"

"எங்க வீட்டுல ஏது. கிரண் வீட்டுல இருக்குது."

"கிரண் வீட்டுல கேட்ல அமுக்கினா மணி எங்க அடிக்குது?"

"உள்ள."

"அதேதான். அமுக்கறது இடுப்புல, அடிக்கறது கால்ல."

"அப்ப மணிய கழட்டிட்டா?"

"மணிய கழட்டினா கால் போயிடும் ஆன்ட்டி. அமுக்கற விரல எடுக்கணும். குப்புறப் படுங்க. கைய ஊனி நெஞ்ச மட்டும் தூக்குங்க. இடுப்பு கட்டில்லயே இருக்கணும். பாம்பு தல தூக்கற மாதிரி."

பாம்பு என்றதும் முத்தம்மா ஏதோ முனகினாள்.

திரை விலகியது. ஆஞ்சலா ஒரு காகிதத்தை நாகேஷிடம் நீட்டினாள். முன்பக்கமும் பின்பக்கமுமாக ஒரு மனித உருவம், வெறும் கோட்டால் வரைந்தது.

"தெனம் வலி எது வரைக்கும் இருக்குதோ அது வரைக்கும் பென்சில்ல தீட்டுங்க. ரெண்டு மணிக்கு ஒருக்கா பத்து தடவ எக்சர்சைஸ். கால்ல கொறஞ்சு வலி மேல ஏறினா நல்லது. முதுகுல கொஞ்சம் கூடினாலும் பயப்பட வேணாம். ஆன்ட்டி, கேட்டீங்களா? மேல வந்தா நல்லது."

முத்தம்மா தலையாட்டினாள்.

"அந்த நரம்பு எவ்வளவு தடி இருக்கும்?" என்று நாகேஷ் கேட்டான்.

"உங்க சுண்டுவிரல் அளவு. ஒடம்புலயே பெருசு அதுதான்."

அவன் தன் சுண்டுவிரலைப் பார்த்தான். நரம்பென்றால் நூல் போல என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தான். இடுப்பிலிருந்து ஒரு விரல் கிளம்பி, பிட்டத்துச் சதைக்குள் நுழைந்து, தொடையின் பின்பக்கமாக இறங்கிப் பாதம்வரை போகிறது. வீட்டுக்கு வரும்வரை ஆட்டோவில் அதையே யோசித்துக்கொண்டு வந்தான். பதினோரு மாதத்தில் அவன் ஒருவரிடம் தானாகக் கேட்ட முதல் கேள்வி அது என்பது அவனுக்குத் தெரியவில்லை.

நாகேஷ் பி.எஸ்ஸி. இயற்பியல். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துச் சட்டத்தில் பொருத்தும் வேலை. வேலைக்குப் போகும் முன் காகிதத்தைத் தரையில் விரித்துக் கேட்பான். முதல் நாள் சுண்டுவிரல்வரை தீட்டினான். இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் அப்படியே. நான்காம் நாள் பாதம் கொஞ்சம் பரவாயில்லை என்றாள். கணுக்காலோடு நிறுத்தினான். ஐந்தாம் நாள் மறுபடி சுண்டுவிரல் என்றாள். அதன் பிறகு மாற்றமே இல்லை.

"அத்தே, இன்னிக்கு எங்க?"

"எங்க போவும். அங்கயேதான் குந்தினிருக்குது."

"சுண்டுவிரல் வரைக்குமா?"

"ம்."

"நேத்து செருப்பு போட்டு தெருமுன வரைக்கும் போனீங்க."

"கீரக்காரன் வந்தான். போனேன். அதுக்கு இன்னா இப்ப?"

"ஒண்ணுமில்ல. கேட்டேன்."

"எழுதினது போதும், கௌம்புங்க. லேட்டானா அந்தக் கட சேட்டு உங்கள வைவான்."

அவன் கிளம்புவான். ஆனால் கணக்கு இடித்தது. மாடியில் காப்பியோடு காத்திருக்கிற நேரம் பதினைந்து நிமிடத்திலிருந்து ஒன்பதாக, பிறகு ஆறாகக் குறைந்திருந்தது. தவழும் சத்தம் நின்றுபோயிருந்தது. ஒரு நாள் அவன் இறங்கி வந்தபோது டம்ளர் கழுவிக் கவிழ்த்திருந்தது. கடையில் சில பேர் புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எதுவும் தெரியவில்லை என்பார்கள். பவர் சரியாக இருக்கும். அப்போது ஒன்று லென்ஸ் திரும்பியிருக்க வேண்டும், அல்லது அந்த ஆள் வேறு எதையோ சொல்லாமல் வைத்திருக்க வேண்டும். முத்தம்மாவிடம் எது என்று அவனுக்கு விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அதுவே அவனுக்குப் புதிதாக இருந்தது.

ஒன்றை மட்டும் கவனித்தான். பாம்பு மாதிரித் தலை தூக்குவதைப் பகலில் ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தவள், இப்போது அவன் சொன்னால்தான் செய்தாள். பத்துக்கு ஆறோடு நிறுத்தினாள். கேட்டால், "ஆச்சு" என்றாள்.

மூன்றாவது வாரம் மறுபடி கிளினிக். செப்டம்பர் நடு. மழை பிடித்துக்கொண்டிருந்தது. ஆஞ்சலா காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு திரைக்குள் போனாள். நாகேஷ் அதே நாற்காலியில் உட்கார்ந்தான்.

"கால் எழுபது டிகிரி வருது. அன்னிக்கு முப்பதுல கத்தினீங்க. கட்டவிரல மேல தூக்குங்க, நான் அழுத்தறேன். பலம் இருக்குது. ஆன்ட்டி, உங்க காலு ஒண்ணு சொல்லுது, பேப்பர் வேற சொல்லுது."

"எனக்கு இன்னா தெரியும் மேடம். படிச்சவங்க நீங்க."

"பேப்பர நம்பினா நான் உங்கள சர்ஜன்கிட்ட அனுப்பணும். மூணு வாரமா ஒரு இஞ்சு நகரலன்னா வேற வழி இல்ல."

கட்டில் கிறீச்சிட்டது.

"பொடவய கொஞ்சம் முட்டிக்கு மேல தூக்கறேன். கெண்டக்காலப் பாக்கணும். இது இன்னா?"

முத்தம்மா புடவையைக் கீழே இழுத்துவிடும் சத்தம் கேட்டது.

"இங்க ஒரு தழும்பு. முட்டிக்கு கீழ ஒண்ணு. தொடைல... ஆன்ட்டி, இது கட்டியே இருக்குது. எவ்ளோ இறுக்கம். இன்னா இது?"

"பாவாட நாடா."

"பாவாட நாடா இடுப்புல இல்ல கட்டுவாங்க?"

கீழே பேக்கரியில் யாரோ தட்டைக் கீழே போட்டார்கள்.

"ஏறாம இருக்கறதுக்கு," என்றாள் முத்தம்மா.

"எது?"

"அதுதான். வலிதான். நாலாம் நாளு பாதத்த வுட்டு கெண்டைக்கு வந்துது. கட்டினேன். கட்டத் தாண்டி முட்டிக்கு வந்துது. அங்க கட்டினேன். இப்போ இங்க. இதுக்கு மேல கட்ட எடம் இல்ல மேடம். இடுப்பு, நெஞ்சு, அவ்ளோதான்."

"நான்தான் மேல வந்தா நல்லதுன்னு சொன்னேனே."

"சொன்னீங்க. ஆஸ்பத்திரில கூட எல்லாரும் நல்லதாத்தான் சொன்னாங்க." அவள் குரல் உயரவில்லை. களிக்கு மாவு அளவு சொல்வது போலவே சொன்னாள். "என் பொண்ணுக்கு மழத்தண்ணில தகரம் கீறிச்சு. கணுக்கால்ல. சின்ன கீறல். மறு நாளு வீங்கிச்சு. செவப்பு மேல வந்துது. ஆஸ்பத்திரில ஒரு டாக்டர் பையன் அந்த செவப்ப சுத்தி பேனால கோடு போட்டான். இந்த கோட்ட தாண்டுதான்னு பாக்கலாம் ஆன்ட்டின்னான். நான் காலைல பாத்தேன். தாண்டி இருந்துது. வேற கோடு போட்டான். அதையும் தாண்டுச்சு. தொடைக்கு வந்துது, அங்க ஒண்ணு போட்டான். அப்புறம் உள்ள கூட்டினு போய்ட்டாங்க. போன வருஷம் இதே மாசம். இப்ப இவரு தெனம் காலைல பென்சிலோட வந்து, அத்தே எங்க இருக்குது, எது வரைக்கும் வந்துதுன்னு கேக்கறாரு. மேல வந்திருக்குதுன்னு நான் எப்படி சொல்லுவேன். அவரு ஒரு தடவ பாத்தது போதும்."

நாகேஷ் மடியில் இருந்த பென்சிலைப் பார்த்தான். அந்தக் கோடுகள் நீல மையில் இருந்தன. மூன்று கோடுகள். மூன்றாவதை அவன்தான் மொபைலில் படம் எடுத்து டாக்டருக்குக் காட்டினான். தினமும் காகிதத்தை விரித்தபோது அவனுக்கு அது ஞாபகம் வரவே இல்லை. எப்படி வராமல் போனது என்று யோசித்தான். எங்கேயோ அமுக்கியது வேறெங்கேயோ அடித்திருக்கிறது, ஆஞ்சலா சொன்ன மணி போல.

ஆஞ்சலாவின் குரல் இறங்கியிருந்தது.

"ஆன்ட்டி, மொதல்ல இத அவுக்கறேன். ரத்தம் நின்னுடும் இப்படி கட்டினா. இப்ப கேளுங்க. உங்க பொண்ணுக்கு வந்தது வெளியருந்து வந்த கிருமி. அது ரத்தத்துல ஓடும், போவும், ஏறும். உங்களுக்கு வந்ததுல ஓடறது ஒண்ணும் இல்ல. ஒரே நரம்பு, ஒரே எடத்துல அழுத்தம். அழுத்தம் கொறைய கொறைய, தூரத்துல இருக்கற எடம் மொதல்ல வுட்டுப் போவும். பாதம், அப்புறம் கெண்ட, அப்புறம் தொட. கடைசியா முதுகுல கொஞ்ச நாள் நிக்கும். அது ஏறல. கீழருந்து காலி பண்ணினு வருது."

நாடாவைச் சுருட்டுகிற சரசரப்பு கேட்டது.

"வீடு காலி பண்ற மாதிரியா?"

"ஆமா. பின்னால ரூம்லருந்து ஆரம்பிச்சு."

"போவறப்ப கடைசியா வாசல்ல நிக்கும்."

"நிக்கும். வழில தொந்தரவு குடுக்கும். அப்புறம் போயிடும்."

முத்தம்மா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "அத மொதல்லயே இப்படி சொல்லி இருக்கலாம் இல்ல."

"சொல்லத் தெரில ஆன்ட்டி. தப்புதான்."

திரை விலகியது. முத்தம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள், கையில் சுருட்டிய நாடா. நாகேஷைப் பார்க்காமல், "பேப்பர எடுங்க," என்றாள். "மொத வெள்ளிக்கெழம கெண்டக்கால். அடுத்த செவ்வாய் முட்டி. முந்தாநேத்துலருந்து தொட."

அவன் பழையதை அழிரப்பரால் அழித்துவிட்டு ஒவ்வொன்றாகத் தீட்டினான். ஆஞ்சலா எட்டிப் பார்த்தாள். "என்னோட சார்ட்ட விட நாடா கரெக்டா கணக்கு வச்சிருக்குது," என்றாள். முத்தம்மாவுக்கே சிரிப்பு வந்தது.

அதன் பிறகு பத்துக்குப் பத்தும் நடந்தது. தொடை காலியானது. வலி பிட்டத்தில் ஒரு வாரம் உட்கார்ந்தது. பிறகு இடுப்பில், முதலில் உள்ளங்கை அகலம், பிறகு ஒரு ரூபாய் நாணய அளவு. இடையில் இரண்டு நாள் மறுபடி முட்டிவரை இறங்கியது. துணிக் குவியலை ஒரே மூச்சில் தூக்கியிருந்தாள். முத்தம்மா அதையும் மறைக்காமல் சொன்னாள், திட்டும் வாங்கினாள். காலையில் அவள் தெருமுனைவரை நடந்தாள், பிறகு ரயில்வே கேட்வரை. நாகேஷ் கூட நடந்தான். வழியில் அவன் நரம்பைப் பற்றியும் தட்டைப் பற்றியும் போனில் படித்ததைச் சொன்னான். பிதுங்கின தட்டு சில பேருக்குத் தானாகவே சுருங்கிவிடுமாம் என்றான். "எங்க போவும் அது?" என்று அவள் கேட்டாள். உடம்பே தின்றுவிடும் என்றான். "அடப்பாவி," என்றாள், உடம்பை.

கடைசியில் ஆஞ்சலா கேட்டாள், எப்படிக் களி கிண்டுவீர்கள், செய்துகாட்டுங்கள் என்று. கிளினிக்கில் இருந்த முக்காலியைப் பானையாகவும் ஒரு ஊன்றுகோலைத் துடுப்பாகவும் வைத்து முத்தம்மா செய்துகாட்டினாள். ஆஞ்சலா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"பத்தொம்பது வருஷமாவா?"

"இன்னா மேடம், தப்பா கிண்டறனா?"

"களி நல்லாத்தான் வரும். நீங்கதான் வர மாட்டீங்க."

அடுப்பை உயர்த்த வேண்டும் என்று முடிவானது. நாகேஷ் டேப் எடுத்துப் போய் முத்தம்மாவின் இடுப்பு உயரத்துக்கு அளந்து கொடுத்தான். பானையைப் பிடிக்க இரும்பு வளையம். நின்றுகொண்டு, ஒரு காலை முன்னால் வைத்து, உடம்பையே காலிலிருந்து அசைக்க வேண்டும். கிரண் கொத்தனாரை வரவழைத்துவிட்டு முணுமுணுத்தான். "அக்கா, கல்யாண மண்டபம் மேட கட்டற மாதிரி இருக்குது. மாலையும் வாங்கிட்டு வரட்டுமா?"

"மாகடிக்காரிக்கு வாங்கிக் குடு," என்றாள் முத்தம்மா.

ஆயுத பூஜைக்கு ஐந்து நாள் முன்னால் அவள் வேலைக்குப் போனாள். நாகேஷ் கடைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு ஓட்டலின் பின்பக்கம் தண்ணீர்க் குழாய் அருகே நின்றான். முதல் பானை. மாவை நடுவில் குவித்தாள். ஓரத்தில் தண்ணீர் பொங்கி மாவின் மேல் ஏறியது. காலை முன்னால் வைத்துத் துடுப்பைப் போட்டாள். புது உயரம் பழகவில்லை, முதல் இரண்டு சுற்றில் துடுப்பு பானையில் மோதியது. பிறகு அவளும் துடுப்பும் ஒன்றாக ஆடத் தொடங்கினார்கள். பானையை இறக்கியதும் இடுப்பில் இரண்டு கையையும் ஊன்றிப் பின்னால் வளைந்தாள். பத்து தடவை. பாத்திரம் தேய்க்கிறவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று எண்ணிக்கொண்டே வளைந்தாள். உள்ளேயிருந்து கிரண், "எட்டாம் நம்பர் டேபிள் ரெண்டாவது முத்தெ கேக்கறாங்க," என்று கத்தினான்.

இரண்டாவது பானைக்கு உலை கொதிக்க நேரம் இருந்தது. முத்தம்மா குழாயடிக்கு வந்து முகம் கழுவினாள். கையில் ராகி மாவு காய்ந்திருந்தது. அதை நகத்தால் சுரண்டிக்கொண்டே பேசினாள்.

"இன்னும் இருக்குது. ஒரு ரூபா அளவுதான்."

"ம்."

"போயிடும்."

"போயிடும் அத்தே."

"மாப்ளே, ஒண்ணு கேக்கணும். நான் பொழைக்க மாட்டேன்னு நெனைச்சினு இருந்தேன். அதான் கேக்காம வுட்டேன்." சுரண்டுவதை நிறுத்தவில்லை. "அந்த கீறலுக்கு நான்தான் பத்து போட்டேன். கத்தாழையும் மஞ்சளும் அரைச்சு. நீங்க அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு போலாம்னீங்க. நான்தான் காலைல பாத்துக்கலாம்னேன். ஒரு ராத்திரி போச்சு."

நாகேஷ் குழாயை மூடினான்.

"கடைசியா உங்ககிட்டதான் பேசினா. எல்லாரும் இன்னா இன்னாவோ சொல்றாங்க. அம்மான்னு சொன்னாளாம், சாமி பேரு சொன்னாளாம். நீங்க ஒண்ணும் சொல்லலன்னீங்க. என்ன திட்டினாளா? திட்டி இருந்தா சொல்லுங்க. நான் தாங்கிப்பேன்."

அவன் யாரிடமும் சொல்லாததற்குக் காரணம் இருந்தது. அன்றைக்கு டியூட்டி டாக்டர் அந்தப் பச்சை மஞ்சள் பத்தைப் பார்த்துவிட்டு, யார் இதைப் போட்டது என்று எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டிருந்தார். வீணா சொன்னதை முத்தம்மாவிடம் சொன்னால் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னதாகிவிடும் என்று அவன் நினைத்தான். ஒரு வருடமாக அப்படியே நினைத்துக்கொண்டிருந்தான். இப்போது முத்தம்மா முகத்தில் தண்ணீர் வழிய நின்றுகொண்டு அவனைப் பார்த்தாள். அன்று ஆஸ்பத்திரிக்குப் போனதுமே, மூக்கில் மாஸ்க் வைத்து வீணாவின் பேச்சு நின்றுபோவதற்கு முன்னால், நர்ஸ் அந்தப் பத்தைக் கழுவ ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் பஞ்சுமாக வந்தபோது, ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். குனிந்தான். அவள் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னான்.

"அம்மா போட்டது நல்லா ஜில்லுனு இருக்குதுப்பா, கழுவ வேணாம்னு அந்த சிஸ்டர்கிட்ட சொல்லு."